திருச்சபையின் புத்தாண்டை வீட்டில் எப்படித் தொடங்குகிறீர்கள்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

நிலாமுற்றம் | 20 நவம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, அதற்கடுத்த ஞாயிறு டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதாவது புதிய திருவழிபாட்டு ஆண்டு. எங்களுக்கு மூன்று பிள்ளைகள், 11, 8, 4 வயது. ஜனவரி 1 என்றால் நள்ளிரவு வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருச்சபைக்கென்று ஒரு புத்தாண்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கே திருமணத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

போன வருடம் பெரிய ஆசையோடு தொடங்கினேன். மெழுகுவர்த்தி வளையம், விவிலியக் கதைச் சின்னங்களைத் தொங்கவிடும் ஈசாய் மரம், தினமும் ஒரு வாசகம், தினமும் ஒரு நற்செயல் எழுதிப் போட ஒரு பெட்டி, அதற்கு மேல் இரவில் செபமாலை. மூன்றாம் நாளே இழுபறி. ஒன்பதாம் நாள் மூத்தவள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா" என்று கேட்டாள். அவள் முகத்தில் சோம்பல் இல்லை, பயம் இருந்தது. நான் கத்துவேனோ என்ற பயம். செபத்தைப் பற்றிக் கேட்கும்போது பிள்ளை முகத்தில் பயம் வந்துவிட்டதே என்று இன்றுவரை உறுத்துகிறது. அன்றோடு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.

இந்த வருடம் ஒன்றே ஒன்று செய்தால் போதும். ஆனால் அது அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் தானாகத் திரும்பி வர வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி நிலைத்தது எது?

மறைக்கல்வி வாத்தியார் | 20 நவம்பர் 2023

சகோதரி, முதலில் ஒரு சின்ன விஷயம், இதிலிருந்தே பாதி விடை கிடைக்கும். திருவருகைக்காலம் ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை, சனிக்கிழமை மாலையிலேயே, ஞாயிறின் முதல் மாலைப்புகழோடு (திருச்சபையின் மாலைச் செபம்) தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் டிசம்பர் 2 மாலை. ஞாயிறு காலை குளிப்பாட்டி, உடுத்தி, கோவிலுக்கு ஓடும் அவசரத்தில் எந்தக் குடும்ப வழக்கத்தையும் நுழைக்க முடியாது. சனி மாலை அமைதியானது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு, அதனால் அது எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் விழும். இந்த முறை கடைசி எல்லையில் விழுந்திருக்கிறது. அதனால் இந்தத் திருவருகைக்காலம் 22 நாள்தான், இதைவிடக் குறுகியது வர முடியாது. நான்காம் ஞாயிறு டிசம்பர் 24, அன்று மாலையே கிறிஸ்து பிறப்பு விழா தொடங்கிவிடும். போன வருடம் மூச்சு வாங்கியவர்களுக்கு இது நல்ல வருடம் என்றுதான் சொல்வேன். நான்கே நான்கு சனி மாலைகள்.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. டிசம்பர் 3-இல் மாற்கு ஆண்டுக்குள் போகிறோம். முதல் ஞாயிறு நற்செய்தி மாற்கு 13:33-37. அதில் மாட்டுத்தொழுவமும் இல்லை, குழந்தையும் இல்லை, விண்மீனும் இல்லை. வீட்டை விட்டுப் பயணம் போகும் ஒருவர், பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வாயிற்காவலரிடம் விழித்திரு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதாகத்தான் நாம் சொல்லிக்கொடுக்கிறோம், திருச்சபையோ ஆண்டின் முதல் நாளில் ஆண்டவரின் இரண்டாம் வருகையைத்தான் நினைவூட்டுகிறது. டிசம்பர் 17-இலிருந்துதான் வாசகங்கள் பெத்லகேம் பக்கம் திரும்புகின்றன.

ஒருசொல் | 21 நவம்பர் 2023

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். வளையம், மரம், பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போனால் வழிபாடு ஒரு பக்கமும் வீட்டு அலங்காரம் ஒரு பக்கமும் நிற்கும். ஞாயிறு திருப்பலியே நம் மரபுதானே, அதற்கு மேல் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டுமா? வீட்டில் செய்வது எதுவானாலும் அந்தத் திருப்பலிக்கு நம்மைத் தயார்ப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அது வெறும் கைவேலை.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். சனி இரவு மறுநாள் நற்செய்தியை ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் காதில் ஒட்டிய ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். விளக்கம் கேட்க மாட்டோம், திருத்தவும் மாட்டோம். அந்தச் சொல்லை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவோம். 2017 டிசம்பரில் தொடங்கினோம், அன்றும் இதே மாற்கு 13, அன்றும் முதல் ஞாயிறு டிசம்பர் 3-தான். மகனுக்கு அப்போது ஆறு வயது, அவன் சொன்னது "கதவு". 2020 நவம்பர் கடைசியில் இதே பகுதி திரும்ப வந்தது. பல இடங்களில் கோவில்கள் மூடியும் திறந்தும் இருந்த காலம் அது, அவன் சொன்னது "திடீரென்று". இரண்டும் அவன் கையெழுத்திலேயே இருக்கின்றன. முதலாவது பக்கம் முழுக்கக் கோணலாக, தகரத்தில் புள்ளி வேறு வைத்திருக்கிறான். அடுத்த சனி அதே பகுதி மூன்றாம் முறை வருகிறது, அவனுக்கு இப்போது பன்னிரண்டு. என்ன சொல்வான் என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருசபை இல்லம் | 21 நவம்பர் 2023

அண்ணா, நோட்டு விஷயம் மனதைத் தொட்டது. ஆனாலும் வளையத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான் கத்தோலிக்க வீட்டுப் பெண், என் கணவர் லூத்தரன் சபை. எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டுமே என்று தவித்தபோது கிடைத்தது இந்த வளையம்தான்.

அதன் கதையே அழகானது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாள்களுக்குச் சின்ன மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பிறகு அது நான்காகச் சுருங்கி, இலை சுற்றிய வளையமாகி, 1920-களில் ஜெர்மனியின் கத்தோலிக்கக் கோவில்களுக்கும் வந்து சேர்ந்தது. 2001-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் மக்களின் பக்திமுயற்சிகளைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டியும் திருவருகைக்கால வளையத்தைக் குறிப்பிட்டுப் பேசுகிறது. காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பிறந்த வழக்கம் இது, நிலாமுற்றம் அக்காவின் வீட்டுக்கும் அது பொருந்தும்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று ஊதா, ஒரு ரோஸ் என்பது பீட உடையின் நிறத்தை ஒட்டி வந்தது. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்ற பவுலின் சொல்லிலிருந்து வந்த பெயர், அன்று ரோஸ். வீட்டில் நான்கும் வெள்ளையாக இருந்தால் ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டில் வெள்ளைதான்.

நிலாமுற்றம் | 21 நவம்பர் 2023

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன வாயிற்காவலரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், கடைசி மகனுக்கு நான்கு வயது, அவனை வைத்துக்கொண்டு நெருப்பு பயமாக இருக்கிறது. பேட்டரி விளக்கு வைத்தால் சரியாக இருக்குமா?

மறைக்கல்வி வாத்தியார் | 22 நவம்பர் 2023

பயமாக இருந்தால் பேட்டரி விளக்கே வையுங்கள், பாவமொன்றும் இல்லை. ஆனால் முடிந்தால் நிஜ நெருப்பே நல்லது என்பது என் எண்ணம். சுடர் குறைகிறது, மெழுகு உருகிக் குட்டையாகிறது, முதல் வாரத்து மெழுகுவர்த்தி மூன்றாம் வாரத்தில் பாதியாகிவிடுகிறது. நாள் கடந்துபோவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். அகலமான தட்டில் மணல் நிரப்பி நடுங்கள், திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம், செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இலைகளை மெழுகுவர்த்தியை ஒட்டி வைக்காதீர்கள், காயக் காயத் தீப்பிடிக்கும். ஊதி அணைக்கும் பொறுப்பைச் சின்னவனுக்குக் கொடுங்கள், மீதி நேரம் அந்த ஒரு வேலைக்காகவே அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

வாயிற்காவலர் பற்றி இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று சொல்லும் இடத்தில் மாற்கு நான்கு வேளைகளைக் குறிப்பிடுகிறார்: மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை. அடுத்து வரும் அதிகாரங்களிலேயே அந்த நான்கும் வரிசையாக வருகின்றன பாருங்கள். மாலையில் இராவுணவு, இரவில் கெத்சமனி, சேவல் கூவும்போது பேதுருவின் மறுதலிப்பு, காலையில் பிலாத்துவிடம் ஒப்படைப்பு. கெத்சமனியில் சீடர்கள் தூங்கித்தான் போகிறார்கள். ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியாத அவர்களை ஆண்டவர் விட்டுவிடவில்லை. மூத்த மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் முடிந்துபோகாது என்று அவளுக்கு நற்செய்தியிலிருந்தே தெரியட்டும்.

நான்கு வேளை, நான்கு மெழுகுவர்த்தி. இந்தப் பொருத்தம் என் யோசனைதான், திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.

பத்தொன்பது | 23 நவம்பர் 2023

நான் பெற்றோர் இல்லை, இந்த வழக்கங்களில் வளர்ந்த பிள்ளை. இப்போது விடுதியில் இருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

எங்கள் அம்மாவும் நிறைய முயற்சி செய்தார்கள், பலதும் நின்றுபோயின, எது எப்போது நின்றது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. நிலைத்தது ஒன்றுதான். முதல் சனி மாலை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் அம்மா மின்விசிறியை நிறுத்துவார்கள். சுடர் அணையக்கூடாது என்பதற்காகத்தான், வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் விசிறி மெதுவாகச் சுற்றி, கடைசியில் ஒரு கிறீச் சத்தத்தோடு நின்றதும் வீடு சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் அம்மா தீக்குச்சியை உரசுவார்கள். இப்போதும் மின்சாரம் போய் விடுதி அறையில் விசிறி நிற்கும்போது எனக்குத் திருவருகைக்காலம்தான் நினைவுக்கு வருகிறது, ஜூன் மாதமாக இருந்தாலும். அக்கா, எது உங்கள் பிள்ளைகளுக்குள் போகும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்று நினைக்கிறேன். செய்வதை ஒரே மாதிரி செய்தால் போதும்.

தனிமாலை | 24 நவம்பர் 2023

என் பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில் இருக்கிறார்கள், நான் வீட்டில் தனியாள். எனக்கும் குடும்ப வழக்கம் உண்டு. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப்புகழில் மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக ஏழு அழைப்புகள் வரும், ஒவ்வொன்றும் "ஓ" என்று தொடங்கும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களினத்தாரின் அரசரே, ஓ இம்மானுவேலே. நாளுக்கு ஒன்றாகப் பேரப்பிள்ளைகளுக்கு என் குரலில் பதிவு செய்து அனுப்புவேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏழாம் நாள் அவர்கள் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த ஏழிலும் "ஓ"-வுக்கு அடுத்து வரும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசித்தால் "ஏரோ க்ராஸ்" என்று வரும், நாளை வந்திருப்பேன் என்று பொருள். மூத்த பேரன் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ராத்திரி என்று பாராமல் கூப்பிட்டான். "பாட்டி, அவர் பதில் சொல்லிட்டார்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒருசொல் | 24 நவம்பர் 2023

அம்மா, இது திருவழிபாட்டிலிருந்தே நேராக வருவது, நான் சொல்ல வந்ததும் இதைத்தான். நான் முதலில் எழுதியது கொஞ்சம் கடுமையாகிவிட்டது போலிருக்கிறது. வளையத்தை வேண்டாமென்று சொல்லவில்லை, நற்செய்தி இல்லாமல் வளையம் மட்டும் இருந்தால் போதாது என்கிறேன். அதில் மாற்றமில்லை.

இன்னொன்று, செலவே இல்லாதது. திருவருகைக்கால ஞாயிறுகளில் திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை, அல்லேலூயா உண்டு. தவக்காலத்தில் இரண்டும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துக் கோவிலில் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று இல்லாமல் இருப்பதைக் கவனித்த பிள்ளைக்குத்தான் கிறிஸ்து பிறப்பு இரவில் "உன்னதங்களிலே" என்று மணியோசையோடு கீதம் திரும்பும்போது உடம்பு சிலிர்க்கும். டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழாவுக்கு மட்டும் நடுவில் ஒருமுறை பாடுவார்கள், அன்று குழம்பிவிட வேண்டாம்.

நிலாமுற்றம் | 3 டிசம்பர் 2023

நேற்று தொடங்கிவிட்டோம். முடிவு செய்தது இதுதான். சனி மாலை ஆறரைக்கு விளக்குகளை அணைப்பது, (தம்பி சொன்னதுபோல) விசிறியையும். அன்றைய வாயிற்காவலர் வாசல் கதவைத் திறந்து நின்று "ஆண்டவரே வாரும்" என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்வோம். மெழுகுவர்த்தி, நற்செய்தி, ஆளுக்கு ஒரு சொல். அப்புறம் சின்னவன் ஊதி அணைப்பான். மொத்தம் ஏழெட்டு நிமிடம். வாரத்தின் மற்ற நாள்களில் ஒன்றும் கிடையாது.

முதல் காவலர் மூத்தவள். கதவைத் திறந்தவள் ஒரு விநாடி என்னைத் திரும்பிப் பார்த்தாள், சரியாகச் செய்கிறோமா என்று. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன். அவள் சொன்ன சொல் "வேலை". ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை என்று வருகிறதே, அது.

ஒருசொல் | 3 டிசம்பர் 2023

எங்கள் மகன் சொன்னது "எல்லோருக்கும்". கடைசி வசனத்தில் வருவது, உங்களுக்குச் சொல்வதை எல்லோருக்கும் சொல்கிறேன் என்று. நோட்டில் எழுதிவிட்டு மேலே இருந்த "கதவு", "திடீரென்று" இரண்டையும் அவனே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருசபை இல்லம் | 10 டிசம்பர் 2023

அக்கா, இரண்டாம் வாரம் எப்படிப் போயிற்று? எங்கள் வீட்டில் குடில் வேலை தொடங்கியாயிற்று. இந்த டிசம்பரோடு புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோவில் முதல் குடில் அமைத்து 800 ஆண்டு ஆகிறது, 1223. அங்கே சிலைகளே இல்லை, தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, சுற்றி நின்ற மக்கள். அதை நினைத்து இந்த வருடம் வெறும் தொட்டியை மட்டும் வைத்திருக்கிறோம், 24 இரவு வரை அப்படியே இருக்கும்.

நிலாமுற்றம் | 10 டிசம்பர் 2023

இரண்டாம் வாரம் நான் நினைத்தே பார்க்காதது நடந்தது. காவலர் என் எட்டு வயதுக்காரன். கதவைத் திறந்து நல்ல சத்தமாக "ஆண்டவரே வாரும்" என்றான். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் இருக்கும் வயதான அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. இருட்டில் வாசலில் ஒரு பையன் நின்று வாரும் என்று கூப்பிடவும், "என்னையா கூப்பிட்டே" என்று நின்றுவிட்டார். நான் எழுந்து ஏதாவது விளக்கம் சொல்வதற்குள் அவன் "வாங்க பாட்டி" என்று நகர்ந்து வழிவிட்டான். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். யோவான் பாலைநிலத்தில் வழியை ஆயத்தம் செய்யச் சொல்லும் பகுதி. முடிகிறவரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் கேட்டபோது அவரும் சொன்னார், "வழி" என்று.

மறைக்கல்வி வாத்தியார் | 11 டிசம்பர் 2023

இதை இரண்டு முறை படித்தேன். கதவைத் திறந்து வைத்தால் யார் வருவார் என்று நம்மால் முடிவு செய்ய முடியாது. என் மறைக்கல்வி வகுப்பில் சொல்ல அனுமதி உண்டா? உங்களைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

நிலாமுற்றம் | 26 டிசம்பர் 2023

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். எல்லோருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள்.

16-ஆம் தேதி சின்னவன் காவலர், அவன் கதவைச் சாத்தவே விடவில்லை. அந்தப் பாட்டி அன்று ஆறு இருபதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். 23-ஆம் தேதி யார் காவலர் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மூத்தவள் தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க எப்பவும் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. இன்னிக்கு நீங்க போய் வாசல்ல நில்லுங்கம்மா, நான் ஏத்துறேன்" என்றாள். போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் விசிறி நிற்கும் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை, அவளே பார்த்துக்கொண்டாள்.

வாத்தியார் சொன்னதுபோல நான்காம் வாரம் ஒரு நாள்தான். முதல் மெழுகுவர்த்தி கட்டைவிரல் உயரம்தான் மிஞ்சியிருக்கிறது, நான்காவது அப்படியே புதிது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

தனிமாலை | 26 டிசம்பர் 2023

போடாதே மகளே. பிப்ரவரி 2 ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த விழா, அன்று திருப்பலியில் மெழுகுவர்த்திகளை மந்திரித்துக் கையில் ஏந்திப் பவனி போவோம். அதுவரை எடுத்து வை.

நிலாமுற்றம் | 26 டிசம்பர் 2023

சரிம்மா. காகிதத்தில் சுற்றி, மேலே மூத்தவள் கையாலேயே "பிப்ரவரி 2" என்று எழுதி வைத்தாயிற்று. மேல்மாடிப் பாட்டி இந்த சனிக்கிழமையும் உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன், மெழுகுவர்த்தி இல்லாமல், நற்செய்தி மட்டும்.